ஜாயின்ட் அக்கவுண்டும் பதியாத கல்யாணமும்: டர்பன் வட்டாரத் தமிழ்க் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், இசிபிங்கோ, வெருலம், டொங்காட், ஸ்டேங்கர் என்று எந்த ஊர்க் கோயிலை நடத்துகிறவராக இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். வீட்டில் ஒருவர் இறந்துபோனால், அவர் பெயரும் இன்னொருவர் பெயரும் சேர்ந்திருக்கிற வங்கிக் கணக்கு என்ன ஆகிறது, அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதைப் பற்றி எழுதுகிறேன். இதை வங்கிக்கு எழுதாமல் எங்களுக்கு எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். வங்கிக்காரர்கள் தங்கள் விதிமுறையை எப்போதோ அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். அதை யாரும் படிப்பதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்கள். சாவு வீட்டிலிருந்து முதல் போன் உங்கள் செயலாளருக்குத்தான் வருகிறது. குருக்களை அனுப்புவது, பெரிய பாத்திரங்களை அனுப்புவது, கிளேர் எஸ்டேட்டில் தகனத்துக்கு நேரம் கேட்டு வைப்பது எல்லாம் உங்கள் ஆட்கள்தான். அங்கே ஓரமாக நின்று, "கவலைப்படாதே அம்மா, ஜாயின்ட் அக்கவுண்ட்தானே, பணம் உனக்குத்தான் வரும்" என்று ஆறுதல் சொல்கிறவரும் பல வீடுகளில் உங்கள் குழுவைச் சேர்ந்தவராகவே இருக்கிறார். வினை அந்த ஆறுதலில்தான் ஆரம்பிக்கிறது.

நான் வக்கீல் இல்லை. பல வருடம் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். பாரம், அதாவது படிவம், நிரப்பத் தெரிந்தவன் என்று பெயர் வந்துவிட்டதால், பிளாஸ்டிக் உறையில் காகிதங்களைத் திணித்துக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். பெரும்பாலும் காரியம் முடிந்து நாள் கழித்து, கையில் காசு தீர்ந்த பிறகு.

ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கணவர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்கில் இரண்டு பேர் பெயரும் இருந்தது, இரண்டு பேரிடமும் கார்டு இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். கணவர் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர் நினைப்பு. கவுண்டரில் இருந்த பெண்ணும் நம் பிள்ளைதான், மரியாதையாகப் பேசியிருக்கிறாள். சான்றிதழை வாங்கி ஸ்கேன் செய்தாள், கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள், கணக்கை முடக்கியாகிவிட்டது என்று சொன்னாள். அக்காவின் கார்டும் அதோடு செத்தது. அந்தக் கணக்கிலிருந்துதான் மாதா மாதம் டெபிட் ஆர்டரில் மெடிக்கல் எய்ட் போய்க்கொண்டிருந்தது, முனிசிபாலிட்டி பில் போய்க்கொண்டிருந்தது. குடும்பத்தில் எல்லாரையும் சேர்த்துப் போட்டிருந்த ஃப்யூனரல் பாலிசியின் தவணையும் அதிலிருந்துதான். எல்லாம் ஒரே மாதத்தில் திரும்பி வந்தன. வீட்டில் பிரீபெய்ட் மின்சாரம் வாங்கத் தங்கையிடம் கடன் கேட்டதாகச் சொன்னபோது அந்த அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

கவுண்டரில் இருந்த அந்தப் பெண் செய்ததில் தவறு இல்லை. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி அவள் அதைத்தான் செய்ய வேண்டும். 1965ஆம் ஆண்டின் இறந்தவர் சொத்து நிர்வாகச் சட்டத்தின்படி, ஒருவர் கண்ணை மூடியதும் அவருடைய சொத்தைத் தொட யாருக்கும் அதிகாரம் கிடையாது. உயர் நீதிமன்றத்தைச் சேர்ந்த மாஸ்டர் ஆபீஸ் கடிதம் கொடுத்த பிறகுதான், அந்தக் கடிதம் யார் கையில் இருக்கிறதோ அவர் தொடலாம். நம் மாகாணத்துக்கு அந்த ஆபீஸ் டர்பனில் ஒன்று, மாரிட்ஸ்பர்க்கில் ஒன்று. கணக்கில் இரண்டு பெயர் இருந்தாலும், அதில் இருக்கும் பணத்தில் இறந்தவருக்கு எவ்வளவு பங்கு என்று வங்கிக்குத் தெரியாது. ஆகவே பொதுவாக முழுக் கணக்கையும் நிறுத்திவைக்கிறார்கள். அதோடு, இங்கே ஜாயின்ட் அக்கவுண்ட் என்று நாம் சொல்கிற கணக்குகளில் பல, உண்மையில் ஒருவர் பெயரில் இருப்பவை. இன்னொருவருக்குக் கையெழுத்து அதிகாரமும் ஒரு கார்டும் மட்டும் கொடுத்திருப்பார்கள். அந்த அதிகாரம் கணக்குக்காரர் இறந்த நிமிடமே போய்விடும். பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்திருக்கிறோம் என்கிறவர்களுக்கும் இதுதான் பதில். அது எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான்.

சமீப காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், கோயிலுக்கு ஒப்பந்தத்தில் வந்த குருக்கள்மார், மேளக்காரர்கள் எல்லாரும் இந்த விஷயத்தில் இன்னும் குழம்புகிறார்கள். அங்கே கணக்குத் திறக்கும்போதே "எய்தர் ஆர் சர்வைவர்" என்று ஒரு கட்டத்தில் டிக் அடிப்பார்கள். ஒருவர் போனால் மிஞ்சியவர் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். நாமினி என்று ஒருவர் பெயரும் எழுதுவார்கள். 2025 நவம்பர் 1 முதல் அங்கே நான்கு நாமினிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். அங்கேயும் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்கிறவர்தான், வாரிசுகள் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்பது வேறு கதை. அந்த ஊர் வழக்கத்தை இந்த ஊர் வங்கியில் எதிர்பார்க்கக் கூடாது. மிஞ்சியவருக்கே முழுவதும் சேரும் என்கிற கூட்டு உரிமை தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் இல்லை. இறந்தவரின் பங்கு அவருடைய எஸ்டேட்டுக்கு, அதாவது அவர் விட்டுப்போன மொத்தச் சொத்துக்குள், போகும். அங்கிருந்து உயிலில் சொன்னவருக்கு, உயில் இல்லை என்றால் சட்டம் சொன்னவருக்கு.

அப்படியானால் சட்டம் யாருக்குச் சொல்கிறது? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் செய்யக்கூடிய வேலை இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

உயில் எழுதாமல் போனவருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், பிள்ளைகள் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி எஸ்டேட்டை வகுக்க வேண்டும். அப்படி வரும் ஒரு பங்கு, அல்லது 250,000 ராண்ட், இதில் எது அதிகமோ அது மனைவிக்கு. மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண், மூத்தது, இளையது என்ற பேச்சே இல்லை. ஆனால் அந்த வகுத்தலுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. கல்யாணம் எப்படி நடந்தது? முறைப்படி பதிவான கல்யாணம், அதற்கு முன் நோட்டரியிடம் போய் ஏ.என்.சி. என்கிற சொத்து ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை என்றால், இருவர் சொத்தும் ஒரே சொத்து. ஒருவர் இறந்தால் அதில் பாதி மிஞ்சியவருடையது. அது வாரிசுரிமையே இல்லை, ஏற்கெனவே அவருடைய பணம். இறந்தவரின் பாதி மட்டும்தான் பங்கு பிரிக்க வரும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீடு 700,000 ராண்ட் பெறும். வங்கியில் 200,000. எல்லாம் கணவர் பெயரில். மூன்று பிள்ளைகள். உயில் இல்லை. கடன், செலவை இப்போதைக்கு விட்டுவிடுவோம். பதிவான கல்யாணமாக இருந்தால் 900,000இல் பாதி, அதாவது 450,000, அந்த அம்மாவுடையது. மிச்சமுள்ள 450,000இல் அவருக்கு 250,000. பிள்ளைகளுக்கு ஆளுக்கு 66,666. ஆக அம்மா கையில் 700,000. வீட்டை விற்காமல் உட்கார்ந்திருக்கலாம்.

அதே குடும்பம், அதே கோயில் மண்டபம், அதே தாலி, அதே அறுநூறு பேருக்குச் சாப்பாடு. ஆனால் ஹோம் அஃபேர்ஸில், அதாவது அரசின் உள்துறை அலுவலகத்தில், பதிவு இல்லை. அப்போது பாதி என்ற பேச்சு எழாது. முழு 900,000மும் இறந்தவரின் எஸ்டேட். நான்காக வகுத்தால் 225,000, அது குறைவு என்பதால் அம்மாவுக்கு 250,000. மிச்சம் 650,000 பிள்ளைகளுக்கு. ஆளுக்கு 216,666. பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தால் அம்மாவை வீட்டில் வைத்துக்கொள்வார்கள். மருமகன், மருமகள் எல்லாரும் நல்லவர்களாகவே இருந்தாக வேண்டும் என்ற நம்பிக்கையில் ஒரு கிழவி மிச்சக் காலத்தைத் தள்ள வேண்டும். ஒரு பதிவு இல்லாததன் விலை 450,000 ராண்ட்.

அந்த 250,000கூடச் சும்மா வராது. தான் மனைவிதான் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். இந்து முறைப்படி மட்டும் கல்யாணம் செய்தவரும் வாரிசுச் சட்டத்தின் கண்ணில் மனைவிதான் என்று டர்பன் உயர் நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்துவிட்டது. 2021 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், கல்யாணமே செய்யாமல் நிரந்தரத் துணையாக ஒருவரையொருவர் ஆதரித்து வாழ்ந்தவர்களுக்கும் வாரிசுரிமை உண்டு என்றது. நல்ல தீர்ப்புகள். ஆனால் தீர்ப்பை மாஸ்டர் ஆபீஸ் கவுண்டரில் காட்டினால் போதாது. கல்யாணம் நடந்தது என்று அஃபிடவிட் வேண்டும். தாலி கட்டி வைத்த குருக்கள் எங்கே? காலமாகிவிட்டார், அல்லது ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். கோயில் பதிவேடு எங்கே? "பழைய செயலாளர் வீட்டில் இருக்கும்." பழைய செயலாளர்? உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு பக்கத்துத் தெருவில் வேறு கோயில் கட்டிவிட்டார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, கல்யாண போட்டோ ஆல்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் கடிந்து பேச அனுமதி கொடுங்கள். 1913 மார்ச்சில் கேப் டவுனில் நீதிபதி சேர்ல் கொடுத்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் இந்த நாட்டில் செல்லாது என்று ஆக்கியது. நம் பாட்டிகள் எல்லாம் ஒரே நாளில் சட்டப்படி மனைவி இல்லை என்றாகிவிட்டது. ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மேல் போட்ட மூன்று பவுன் வரியோடு அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் அந்த வருடம் பெண்கள் சத்தியாகிரகத்துக்குக் கிளம்பினார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் செத்துப்போனாள். அதே வருடம் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம், நம் மதகுருமார்களையே கல்யாணப் பதிவு அலுவலர்களாக நியமிக்க வழி திறந்தது. இப்போது நடப்பில் இருக்கும் 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்திலும் அந்த வழி அப்படியே இருக்கிறது. இந்திய மதங்களின் சடங்குப்படி கல்யாணம் நடத்தும் குருவை ஹோம் அஃபேர்ஸ் பதிவு அலுவலராக நியமிக்கலாம். அவர் தாலி எடுத்துக் கொடுக்கிற அதே மேடையில் இரண்டு சாட்சிகளோடு ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கலாம். கதவு திறந்திருக்க வேண்டும் என்றுகூட அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. நம் கல்யாணத்தில் கதவை மூடி வைக்க யாரால் முடியும்?

வள்ளியம்மை படத்துக்கு மாலை போடுகிற சங்கங்கள் நம்மிடம் உண்டு. அவள் வாங்கிக் கொடுத்த வழியைத் திறந்தே பார்க்காத கோயில்களும் உண்டு. சில கோயில்களில் இந்த வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கல்யாணம் செய்தவர்கள் என்னிடம் பாரம் கொண்டு வரும்போது பாதி வேலை முடிந்தே வருகிறது.

சரி, வங்கிக் கணக்குக்குத் திரும்புவோம்.

கணவன் மனைவி கணக்கைவிட அதிகம் சண்டை பார்ப்பது அம்மாவும் ஒரு பிள்ளையும் சேர்ந்திருக்கும் கணக்கில்தான். அம்மாவுக்கு முட்டி வலி, வங்கி வரிசையில் நிற்க முடியாது. கூட இருக்கும் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிடுகிறார்கள். மாலை நேரத்தில் மாத்திரை வாங்கிக் கொடுத்தது, டாக்டரிடம் கூட்டிப்போனது எல்லாம் அந்தப் பிள்ளைதான். அம்மா போன பிறகு, "கணக்கில் என் பெயர் இருக்கிறது, பணம் எனக்கு" என்று அவன் சொல்கிறான். "அப்பா வீடு விற்ற பணம் அது, எல்லாருக்கும் பங்கு" என்று மெல்போர்னிலிருந்து தங்கை சொல்கிறாள். சட்டம் தங்கை பக்கம்தான் நிற்கும். யார் பெயர் இருக்கிறது என்பதைவிட யாருடைய பணம் என்பதுதான் கேள்வி. வசதிக்காகச் சேர்த்த பெயர் சொத்து ஆகாது. பார்த்துக்கொண்ட பிள்ளைக்கே கொடுக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் உண்மையான ஆசையாகவும் இருந்திருக்கலாம். பல வீடுகளில் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதை உயிலில் ஒரு வரி எழுதியிருந்தால் யாரும் வாய் திறக்க முடியாது. வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டுப் போனதால் இரண்டு பிள்ளைகள் அடுத்த திதிக்குத் தனித்தனியாகப் படையல் போடுகிறார்கள்.

இன்னொரு யோசனையும் சாவு வீட்டில் காதோடு காதாகச் சொல்லப்படும். "வங்கிக்குத் தெரியும் முன்னால் கார்டைப் போட்டு எடுத்துவிடு." ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய வரம்பு புதுப்பிக்கப்படும் நள்ளிரவுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை என்று ஏ.டி.எம்.மில் நின்று எடுப்பதில் சிலர் கெட்டிக்காரர்கள். பசிக்கும் பாடைக்கும் பணம் வேண்டும்தான், அதை நான் மறுக்கவில்லை. சட்டமும் அதை மறுக்கவில்லை. கையில் இருக்கும் சொத்திலிருந்து தகுந்த அடக்கச் செலவும், வீட்டாரின் சாப்பாட்டுச் செலவும் செய்யலாம் என்று அதே 1965 சட்டத்தின் 11ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. சில வங்கிகள் இறுதிச் சடங்கு நிறுவனத்தின் பில்லைக் காட்டினால் இறந்தவர் கணக்கிலிருந்தே நேராகக் கட்டுகின்றன, கேட்டால் சொல்வார்கள். எஸ்டேட்டை நிர்வகித்துப் பிரித்துக் கொடுக்கும் எக்ஸிக்யூட்டர் நியமனம் ஆன பிறகு, எஸ்டேட் கணக்கு முடியும் முன்பே குடும்பச் செலவுக்குக் கொஞ்சம் பணம் விடுவிக்க மாஸ்டரின் சம்மதத்தோடு வழி இருக்கிறது. ஆனால் இறந்தவரின் கார்டையும் பின் நம்பரையும் வைத்துக் கணக்கைத் துடைத்து எடுப்பது இதில் சேராது. பிறகு கடன் கொடுத்த ஒருவரோ, பங்காளியோ கணக்குக் கேட்டால், எடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். சாஸா என்கிற அரசு நிறுவனம் கொடுக்கும் முதியோர் உதவித்தொகையும் அப்படித்தான். இறந்த மாதத்தோடு அது முடிந்தது. அடுத்த மாதமும் வந்தால் அது அரசுப் பணம், எடுத்தால் மோசடி.

முறையான வழி எப்படி இருக்கும் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறந்த 14 நாளுக்குள் மாஸ்டர் ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். எஸ்டேட் 250,000 ராண்டுக்குள் என்றால் லெட்டர் ஆஃப் அத்தாரிட்டி என்று ஒரு கடிதம் கொடுப்பார்கள், வக்கீல் இல்லாமலே முடியும். அதற்கு மேல் என்றால் எக்ஸிக்யூட்டர், கடன் கொடுத்தவர்களுக்கு 30 நாள் விளம்பரம், எஸ்டேட் பெயரில் தனிக் கணக்கு, பிறகு வரவு செலவு அறிக்கை, அதை யாரும் பார்க்கலாம் என்று 21 நாள் வைப்பது, இப்படிப் போகும். எக்ஸிக்யூட்டர் கட்டணம் 3.5 சதவீதம், வாட் தனி. மேலே சொன்ன 900,000க்கு 31,500 ராண்ட். பேசிக் குறைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. உயில் எழுதும்போதே பேசிவிட வேண்டும்.

முடங்காமல் வருகிற பணமும் உண்டு. லைஃப் பாலிசியில் பயனாளி என்று பெயர் எழுதியிருந்தால், அது எஸ்டேட்டுக்குள் வராமல் நேராக அவருக்குப் போகும். ஃப்யூனரல் பாலிசியும் அப்படியே, சில நாளில் வந்துவிடும். வேலை பார்த்த இடத்துப் பென்ஷன் ஃபண்ட் பணம் தனி ரகம். யார் அவரை நம்பி வாழ்ந்தார்கள் என்று அந்த ஃபண்டின் டிரஸ்டிகள் விசாரித்துப் பிரிப்பார்கள், நாம் எழுதிக் கொடுத்த பெயர் அவர்களைக் கட்டுப்படுத்தாது. ஆகவே மனைவி பெயரில் தனியாக ஒரு கணக்கு, அதில் இரண்டு மூன்று மாதச் செலவுக்காவது பணம் இருப்பது நல்லது. ஒரே சொத்தாகக் கல்யாணம் செய்தவர்களில் மிஞ்சியவரின் தனிக் கணக்கும் நிறுத்தப்படலாம் என்பதால், அந்த ரகத்தினர் பயனாளி பெயர் எழுதிய பாலிசி ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் பெட்டியையும் கொஞ்சம் திறந்து பார்க்கச் சொல்கிறேன். காவடிக்கு வசூலித்த பணம், கூழ் பூசைக்குக் கொடுத்த பணம், தமிழ்நாட்டு யாத்திரைக்கு மாதா மாதம் கட்டும் சீட்டு, தெருக்காரர்களின் சாவுச் சங்கப் பணம், இவையெல்லாம் எந்தக் கணக்கில் இருக்கின்றன? கோயில் கணக்கு கோயில் பெயரில்தான் இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் "தனிக் கணக்கு திறக்க நேரமாகும், இப்போதைக்கு என் கணக்கில் போடுங்கள்" என்று ஒரு நல்ல மனிதர் ஆரம்பித்து வைத்த சின்னச் சின்ன நிதிகள் எத்தனையோ. அந்த நல்ல மனிதர் ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை என்றால், அந்தப் பணம் அவருடைய எஸ்டேட்டில் மாட்டும். அவருடைய விதவையிடம் போய், "அம்மா, அதில் 80,000 எங்களுடையது" என்று யார் சொல்வது? அவர் எப்படி நம்புவது? ரசீதுப் புத்தகம் இருக்கிறதா? இதற்கென்றே வங்கிகளில் குழுக் கணக்கு, ஸ்டாக்ஃபெல் என்கிற சேமிப்புச் சங்கக் கணக்கு என்று இருக்கின்றன. நம் அயலார் ஜூலு மக்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட ஒழுங்கு. ஒரு சட்டவிதிக் காகிதம், கூட்டக் குறிப்பு, கையெழுத்துப் போட இரண்டு மூன்று பேர், அவர்கள் அடையாள அட்டை. ஒருவர் போனால் கூட்டம் போட்டு இன்னொருவர் பெயரைச் சேர்க்கலாம், பணம் நிற்காது.

இப்போது நான் உங்களிடம் கேட்பது. முதலில், சாவு வீட்டில் பண விஷயமாக ஆறுதல் சொல்வதை நிறுத்துங்கள். "மாஸ்டர் ஆபீஸ் கடிதம் வாங்கும்வரை கணக்கு நிற்கும், அதுவரைக்கும் செலவுக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போம்" என்று சொன்னால் போதும். கேட்க நன்றாக இருக்காதுதான். ஆனால் அன்று யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், அந்த அக்கா பாலிசித் தவணையை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு வங்கிக்குப் போயிருப்பார்.

அடுத்து, ஒவ்வொரு கோயிலிலும் இங்கேயே நிலையாக இருக்கும் ஒருவராவது பதிவு அலுவலராக நியமனம் பெற வேண்டும். வந்து போகும் குருக்களை நம்பி இதை விட்டுவிட முடியாது. மண்டபம் புக் செய்கிற பாரத்தில் டெபாசிட், பாத்திர வாடகை, பட்டாசு கூடாது என்பதெல்லாம் இருக்கிறது. கல்யாணத்தை யார் பதிவு செய்கிறார், ஏ.என்.சி. எழுதுகிறீர்களா என்று இரண்டு வரி சேர்க்க இடமிருக்கும். ஏற்கெனவே பல வருடமாகப் பதிவில்லாமல் வாழ்கிற தம்பதிகளைக் கூப்பிட்டு, பேரப்பிள்ளைகள் சாட்சியாக நிற்க, ஒரு நாள் பதிவு வைக்கலாம். அறுபதாம் கல்யாணத்துக்கு வரும் தம்பதிகளிடமிருந்து ஆரம்பிக்கலாம், அவர்களுக்கு வெட்கமும் குறைவு, தேவையும் அதிகம். ஆனால் ஒன்று, சொத்து ஏற்பாடு அன்றிலிருந்து மாறும் என்பதால் முன்கூட்டியே ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு வரச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது உயில். ஒவ்வொரு செப்டம்பரிலும் வழக்கறிஞர் சங்கம் உயில் வாரம் நடத்துகிறது. அதில் சேர்ந்த வக்கீல்கள் சாதாரண உயிலை இலவசமாக எழுதிக் கொடுக்கிறார்கள். புரட்டாசி பிறப்பதும் அந்த மாதத்தில்தான். சனிக்கிழமை கோவிந்தா சொல்ல வந்து, வாழை இலையில் சாப்பிட்டுவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைவிட நல்ல கூட்டம் எந்த வக்கீலுக்குக் கிடைக்கும்? நம் பிள்ளைகளில் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. இரண்டு பேரைக் கூப்பிட்டு ஒரு மேசை போட்டுக் கொடுங்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்கள் 14 வயது நிரம்பியவர்களாக இருக்க வேண்டும், எல்லாரும் ஒரே நேரத்தில் சேர்ந்திருந்து கையெழுத்துப் போட வேண்டும். உயிலில் ஏதாவது கிடைக்கிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. வைரத் தோட்டின் மேல் கண் வைத்திருக்கும் மருமகளைப் பேனா பிடிக்க விடாதீர்கள்.

இதையெல்லாம் கோயில் செய்ய வேண்டிய வேலையா என்று ஒரு பொருளாளர் என்னிடம் நேரிலேயே கேட்டார். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்கள் தகரத்தில் கோயில் கட்டியபோதே, பள்ளிக்கூடமும் அதே கொட்டகையில்தான் நடந்தது, பஞ்சாயத்தும் அங்கேதான் நடந்தது. இப்போது மட்டும் கோபுரத்துக்கு வண்ணம் அடிப்பதோடு வேலை முடிந்துவிடுமா? வண்ணத்துக்கு வசூல் கேட்டு வரும்போது அந்த அக்காவின் வீட்டுக் கதவையும்தானே தட்டுகிறீர்கள்.

உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் எனக்கு அரை மணி நேரம் கொடுத்தால் வந்து பேசுகிறேன். இறப்பு அறிவிப்புப் பாரம், சொத்துப் பட்டியல் பாரம், லெட்டர் ஆஃப் அத்தாரிட்டிக்கான பாரம் எல்லாவற்றிலும் நகல் வைத்திருக்கிறேன். எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று தமிழில் பக்கத்திலேயே குறித்தும் வைத்திருக்கிறேன். அதைக் கோயில் ஆபீஸில் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ஃபைல் எங்கே இருக்கிறது என்று செயலாளருக்கு மட்டும் தெரிந்தால் போதாது, சமையல்கட்டில் இருக்கும் அம்மாக்களுக்கும் தெரிய வேண்டும். விவரம் கேட்டு முதலில் வரப்போவது அவர்கள்தான்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து,
ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர்